மோட்டார் ஹோமில் தண்ணீர் உறையாமல் காப்பது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கெடு உண்டு. அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையோடு பெரும்பாலான முகாம் திடல்கள் பருவத்தை முடித்துக்கொள்கின்றன. அதை ஒட்டிய வாரங்களில் டொராண்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில் முதல் உறைபனி விழுந்துவிடும். அதற்குள் வண்டியிலிருக்கும் தண்ணீருக்கு ஒரு வழி செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டால் சேதம் அன்றே கண்ணில் படாது. ஏப்ரல் கடைசியில் பம்பைப் போடும்போதுதான் சுவருக்குள் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்கும்.

டொராண்டோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் கோடைப் பயணத்துக்கென்று பழைய மோட்டார் ஹோம் வாங்குகிறவர்கள் உண்டு. கனடாக் குளிர் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் குழாய் உறைவதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. வண்டியின் கதை வேறு. ஒரு வீட்டுக்கு உள்ள குழாய்கள் எல்லாம் அதற்கும் உண்டு: சமையலறை, குளியல், கழிப்பறை, சுடுநீர். சுவரோ மெல்லியது, தரைக்கு அடியில் காற்று ஓடுகிறது, நிறுத்தி வைத்த மாதங்களில் உள்ளே வெப்பமே இருக்காது. ஆகவே இந்த வண்டியைக் காப்பது என்றால், அதில் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு மூலையாகத் தெரிந்து வைத்திருப்பதுதான். நிறுத்தி வைக்கும்போது அந்த இடங்களிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். குளிர்காலத்தில் பயன்படுத்தும்போது அதே இடங்களுக்கு வெப்பத்தைக் கொண்டுபோக வேண்டும்.

உடைவது எங்கே?

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. ஒரு குழாயின் நடுவில் பனிக்கட்டி அடைப்பாக உருவாகி வளரும்போது, அதற்கும் மூடியிருக்கும் திருகுக்கும் இடையில் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்த வரிசையில் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கிறது. அதனால் பனிக்கட்டி ஓரிடத்தில் இருக்க, வெடிப்பு சில அடி தள்ளி வேறொன்றில் விழுவது சாதாரணம். திருகைத் திறந்து வைத்தால் அழுத்தம் வெளியேற ஒரு வழி கிடைக்கிறது. குளிர் நாடுகளில் கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டவிடச் சொல்வதும் இதனால்தான்.

இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய்தான் ஓடுகிறது. அது ஓரளவு விரிந்து கொடுக்கும். விரிந்து கொடுக்காதவை அதன் முனைகளில் இருப்பவை: பிளாஸ்டிக் இணைப்புகள், சமையலறைத் திருகின் உள்பாகம், தண்ணீர் பம்பின் தலை, வடிகட்டியின் கிண்ணம், கழிப்பறைக்குத் தண்ணீர் விடும் வால்வு, வெளியிலிருந்து ஹோஸ் மாட்டும் வாயில் உள்ள சிறு வால்வு. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் கால் கழுவ வைத்திருக்கும் வெளி ஷவரையும் இந்த வரிசையில் சேருங்கள். அதிகம் மறக்கப்படுவதும், வெளிக்காற்றுக்கு மிக அருகில் இருப்பதால் முதலில் உறைவதும் அதுதான்.

எந்தக் குளிரில் இது நடக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்க வீடுகளின் குழாய்களைப் பற்றி இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, மைனஸ் 7 டிகிரி செல்சியஸை எச்சரிக்கை எல்லையாகச் சொன்னது. வண்டிக்கு அவ்வளவு தாராளம் வேண்டாம். அதிகாலையில் ஒரு மணி நேரம் மைனஸ் 1 தொட்டுவிட்டு வெயில் வந்ததும் மேலேறும் இரவு அநேகமாக ஒன்றும் செய்யாது. மைனஸ் 4, 5 என்று இரவு முழுக்க நீடித்தால் வண்டியின் அடிவயிற்றில் ஓடும் குழாய்களும் வெளி ஷவரும் ஆபத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வானிலை அறிவிப்பில் வரும் ‘விண்ட் சில்’ எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அது மனிதத் தோலுக்கான கணக்கு. காற்றின் வெப்பநிலை பிளஸ் 2 ஆக இருந்தால், காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் குழாய்த் தண்ணீர் உறையாது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய்விட்டால் நிலைமை மாறும். அப்போது காற்று, உறைவதை விரைவுபடுத்தும்.

நிறுத்தி வைக்கும் முன்

முதல் வேலை தொட்டிகளைக் காலி செய்வது. நல்ல தண்ணீர்த் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிடுங்கள். கழிவுகளைச் சானி டம்ப் நிலையத்தில் கொட்ட வேண்டும். முதலில் மலத்தொட்டி, பிறகு குளித்த, கழுவிய தண்ணீரின் தொட்டி; இரண்டாவதாக வரும் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். இதைத் தேங்க்ஸ்கிவிங் பயணத்தின் கடைசி நாளிலேயே முடித்துவிட்டு வீடு திரும்புவது நல்லது. பருவம் முடிந்தபின் பல டம்ப் நிலையங்களைப் பூட்டிவிடுவார்கள்.

அடுத்தது சுடுநீர்த் தொட்டி. வட அமெரிக்க வண்டிகளில் இது பெரும்பாலும் 6 அல்லது 10 கேலன் பிடிக்கும். கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்தி, தண்ணீர் முழுதாக ஆறும்வரை காத்திருங்கள். பம்பை நிறுத்தி, உள்ளே ஒரு சுடுநீர்த் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே வெளியிலுள்ள அடைப்பைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சபர்பன் நிறுவனத் தொட்டியில் அந்த அடைப்போடு ஒரு நீண்ட உலோகத் தண்டு வரும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்த தண்டு அது. முக்கால்வாசி கரைந்திருந்தால் வசந்தத்தில் புதிதாகப் போடுங்கள். அட்வுட் வகைத் தொட்டி அலுமினியத்தால் ஆனது. அதில் இந்தத் தண்டு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் அடைப்புதான். தொட்டியே இல்லாமல் ஓடும்போதே சூடாக்கும் ஹீட்டர்களுக்குத் தண்ணீரை வடிக்கும் முறை வேறு. அதற்கு அந்த ஹீட்டரின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு, குழாய்களின் தாழ்வான இடத்தில் இருக்கும் வடிகால்கள். சுடுநீருக்கு ஒன்று, குளிர்நீருக்கு ஒன்று என இரண்டு இருக்கும்; வண்டிக்கு அடியிலோ ஏதாவது ஒரு பெட்டிக்குள்ளோ ஒளிந்திருக்கும். எல்லாத் திருகுகளையும் திறந்துவிட்டு இவற்றைத் திறந்தால் பெரும்பகுதித் தண்ணீர் தானாக இறங்கிவிடும். ஆனால் முழுதாக இறங்காது. வளைவுகளிலும் பம்புக்குள்ளும் வால்வுகளிலும் கொஞ்சம் தங்கும். சேதம் செய்வது அந்தக் கொஞ்சம்தான்.

அதை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்று. ஹோஸ் மாட்டும் வாயில் ஒரு சிறு இணைப்பைத் திருகி, கம்ப்ரஸரிலிருந்து 30 முதல் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைவிட்டு, ஒவ்வொரு திருகாகத் திறந்து மூடி ஊதித் தள்ள வேண்டும். அதைவிட மிக அதிக அழுத்தத்தை வைத்தால் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளலாம். குழாய்களில் வேறு எந்தத் திரவத்தையும் ஏற்றாததால் வசந்தத்தில் கழுவும் வேலை மிச்சம். குறை என்னவென்றால், தாழ்ந்த வளைவில் படுத்திருக்கும் தண்ணீருக்கு மேலாகக் காற்று மட்டும் போய்விடலாம். போனது கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் திரவம். மோட்டார் ஹோமுக்கென்றே விற்கும் இது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, நச்சுத்தன்மை மிகக் குறைவு. கார் எஞ்சினுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அது உயிரைக் கொல்லும் விஷம். குடிநீர் ஓடும் குழாயில் அதன் ஒரு துளிகூடப் போகக் கூடாது. கடையில் விலை குறைந்த எத்தனால் கலவையும் இருக்கும். அது தீப்பிடிக்கக்கூடியது, ரப்பர் வளையங்களையும் உலர்த்திவிடும். சில டாலர் மிச்சத்துக்காக அதை வாங்காதீர்கள்.

குடுவையின் மேல் மைனஸ் 45, மைனஸ் 50 என்று அச்சிட்டிருப்பதற்கு அந்தக் குளிர்வரை திரவமாகவே இருக்கும் என்று பொருளில்லை. அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். கூழானாலும் குழாயை வெடிக்கச் செய்யும் அளவுக்குப் பெருக்காது என்பதுதான் அந்த எண் தரும் உறுதி. அதுவும் கலப்பில்லாத திரவத்துக்கு. குழாயில் மிச்சத் தண்ணீர் இருந்து அதோடு கலந்தால் காப்பு குறைந்துவிடும். அதனால்தான் தண்ணீரை வடித்த பிறகே இதை ஏற்றச் சொல்கிறார்கள்.

ஏற்றும் முன் சுடுநீர்த் தொட்டியைச் சுற்றி ஓடும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிடுங்கள். மறந்தால் 6 கேலன் திரவம் வீணாக அந்தத் தொட்டியை நிரப்பும். பம்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழாயும் வால்வும் இருக்கும். அந்தக் குழாயைக் குடுவைக்குள் விட்டுப் பம்பைப் போட்டால் அது நேராகக் குடுவையிலிருந்து உறிஞ்சும். பம்புக்கு அருகிலுள்ள திருகிலிருந்து தொடங்கி, குளிர்நீர்ப் பக்கம், சுடுநீர்ப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, அடர்ந்த இளஞ்சிவப்பு வந்ததும் மூடுங்கள். வெளுத்த நிறம் போதாது. ஷவர், வெளி ஷவர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் இதே கதி. ஐஸ் செய்யும் குளிர்பதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ இருந்தால் அவற்றுக்குள்ளும் திரவம் ஓட வேண்டும். வெளியே ஹோஸ் மாட்டும் வாயின் சல்லடையை எடுத்துவிட்டு, நடுவிலுள்ள சிறு வால்வை ஒரு குச்சியால் மெல்ல அழுத்தினால் அங்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். வடிகட்டியின் உள்பாகத்தை இதற்கு முன்பே கழற்றி எறிந்துவிட வேண்டும். ஒரு நடுத்தர வண்டிக்கு இரண்டு மூன்று கேலன் போதும்.

கழுவுதொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயிலும் தண்ணீர் நிற்கிறது. திருகைத் திறந்தபோது வழிந்த திரவம் அங்கே போயிருக்கும். ஆனாலும் ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றுங்கள். கழிவுத் தொட்டிகள் இரண்டிலும் கொஞ்சம் ஊற்றினால் அவற்றின் வால்வுகள் காயாமலும் உறையாமலும் இருக்கும்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், திரவம் என்பேன். காற்று சரியாகப் போனதா என்பதை நம்பத்தான் முடியும். நிறத்தைக் கண்ணால் பார்க்கலாம். முதல்முறை செய்கிறவருக்கு அந்த நிச்சயம் பெரிய உதவி. காற்றால் ஊதிவிட்டுப் பிறகு திரவமும் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; நேரம் இருந்தால் அதைவிடச் சிறந்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் சுடுநீர் ஹீட்டரின் மின்சுவிட்சின்மேல் ‘தொட்டியில் தண்ணீர் இல்லை’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். காலித் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளேயுள்ள சூடேற்றும் கம்பி சில நிமிடங்களில் கருகிவிடும். ஆறு மாதம் கழித்து வண்டியைத் திறப்பது நீங்களாகவே இருந்தாலும், அந்தச் சீட்டு தேவைப்படும்.

பேட்டரியும் உறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சாதாரண ஈய அமில பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் மைனஸ் 60 டிகிரிக்கும் அசையாது. காலியாகிவிட்டால் அதன் அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் 7 அளவிலேயே உறைந்து ஓடு பிளந்துவிடும். வண்டியில் எதுவும் ஓடவில்லை என்று நாம் நினைத்தாலும் கேஸ் கசிவைக் காட்டும் கருவி போன்றவை சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழுதாகச் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி வையுங்கள். கராஜில் இடமிருந்தால் அங்கே கொண்டுபோய் வையுங்கள். லித்தியம் பேட்டரிக்குக் கவலை வேறு. சுழியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும்.

எஞ்சின் பக்கம் வேலை குறைவு. கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கண்ணாடி கழுவும் திரவத்தை மட்டும் மறக்காதீர்கள்: கோடையில் ஊற்றிய திரவமோ வெறும் தண்ணீரோ அந்தச் சிறு தொட்டியையும் அதன் பம்பையும் உடைத்துவிடும். குளிர்காலத் திரவத்தை ஊற்றி, கண்ணாடிமேல் வரும்வரை பீய்ச்சிவிடுங்கள்.

குளிரில் தங்கும்போது

எல்லோரும் பூட்டி வைப்பதில்லை. ஆல்கோன்குவின் பூங்காவின் மியூ ஏரி முகாம் போல, குளிர்காலத்திலும் மின்வசதியோடு திறந்திருக்கும் இடங்கள் ஒன்டாரியோவில் இருக்கின்றன. பனியில் தங்குவது அழகான அனுபவம். அதற்குத் தண்ணீரை வடித்துவிட்டு, குடிக்கக் கேன்களில் கொண்டுபோய், கழிப்பறையை ஆன்டிஃப்ரீஸால் கழுவிச் சமாளிப்பதே சுலபமான வழி. ஓரிரு இரவுக்கு நான் சொல்வதும் அதுதான். குழாய்களை நிரப்பி முழுதாகப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்.

குளிர்காலத்துக்கு ஏற்றது என்று விற்கப்படும் வண்டிகளில் தொட்டிகளும் குழாய்களும் தரைக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் மூடப்பட்ட ஓர் இடைவெளியில் இருக்கும். கேஸில் எரியும் ஃபர்னஸின் வெப்பக்காற்று, அறைக்குள் வருவதோடு ஒரு கிளை வழியாக அந்த இடைவெளிக்கும் போகும்படி செய்திருப்பார்கள். கேஸை மிச்சம்பிடிக்க முகாமின் மின்சாரத்தில் ஒரு சிறு மின்ஹீட்டரை அறைக்குள் வைத்தால் என்ன ஆகும்? அறை சூடாகிறது. சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட், போதும் என்று நினைத்து ஃபர்னஸை எழுப்புவதில்லை. அடிவயிற்றுக்கு ஒரு மூச்சு வெப்பம்கூடப் போகாமல், நாம் கதகதப்பாகத் தூங்கும் இரவிலேயே காலடியில் குழாய் உறைகிறது. மின்ஹீட்டர் வைக்கவே கூடாது என்றில்லை. தெர்மோஸ்டாட்டைச் சற்று உயர்த்தி வைத்து, ஃபர்னஸ் அடிக்கடி ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அடிவயிற்றிலும் பம்பு இருக்கும் பெட்டியிலும் கம்பியில்லா வெப்பமானியின் உணரி ஒவ்வொன்றை வைத்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. குளிரில் தங்குகிறவர் வாங்கும் பொருள்களில் முதலிடம் அதற்குத்தான்.

இரவில் கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். சுவரையொட்டி ஓடும் குழாய்க்கு அறையின் வெப்பம் எட்ட அதுவே வழி.

முகாமின் தண்ணீர்க் குழாயோடு ஹோஸை இரவெல்லாம் மாட்டி வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் உள்ள சூடேற்றும் ஹோஸ் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் பகலில் வண்டியின் தொட்டியை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றி வடித்துச் சுருட்டி வைக்கலாம். பெரிய தொட்டியில் நிறைய தண்ணீர் இருந்தால் அது மெல்லத்தான் குளிரும். மெல்லிய குழாயில் நிற்கும் தண்ணீர் சீக்கிரம் உறையும். கழிவுநீர் வால்வைக் கோடையில் திறந்தே வைத்துப் பழகியவர்கள் குளிரில் அதை மூடி வைக்க வேண்டும். திறந்திருந்தால், கை கழுவிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஹோஸில் இறங்கி, அடுக்கடுக்காக உறைந்து முழுதும் அடைத்துக்கொள்ளும். தொட்டி நிரம்பட்டும், ஒரே மூச்சில் திறந்து கொட்டிவிட்டு ஹோஸை உள்ளே எடுத்துவிடுங்கள்.

கேஸ் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடினால், 20 பவுண்டு புரொப்பேன் ஏறக்குறைய 14 மணி நேரத்தில் தீரும். கடுங்குளிர் இரவில் அது பாதி நேரம் எரியும் என்று வைத்தால் ஒரு நாளுக்குச் சற்று மேல். மோட்டார் ஹோமில் கேஸ் தொட்டி வண்டியோடு பொருத்தப்பட்டது. நிரப்ப வேண்டுமானால் வண்டியையே ஓட்டிப்போக வேண்டும். ஆகவே நிரம்பிய தொட்டியோடு போய் இறங்குங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில்தான் திரவமாகும் என்பதால் ஒன்டாரியோக் குளிரிலும் ஆவியாகி வரும். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். பியூட்டேன் சிலிண்டர் விற்கும் ஐரோப்பாவில் வசிக்கும் வாசகர்கள் குளிர்காலத்தில் புரொப்பேனுக்கு மாறிவிட வேண்டும். ஃபர்னஸின் விசிறி பேட்டரியில் ஓடுவது. கேஸ் இருந்தும் பேட்டரி இறங்கினால் வெப்பம் நின்றுவிடும்.

வண்டிக்கு அடியில் காற்று புகாமல் சுற்றிலும் திரைபோல் மறைத்துக் கட்டுகிறவர்கள் பலர். நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு இது பெரும் பயன் தரும். ஆனால் ஜெனரேட்டரின் புகைபோக்கி அந்தத் திரைக்குள் இருக்கக் கூடாது. ஃபர்னஸின் வெளிவாயைப் பனி மூடிவிட்டதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொல்லும். அதைக் கண்டு அலறும் கருவியின் பின்பக்கத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இந்தத் தேதியை இன்றே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கவே கூடாது. அந்த நச்சுக்காற்று ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. ஃபர்னஸ் அதை வெளியே தள்ளிவிடும்; திறந்த அடுப்போ அறைக்குள்ளேயே விடும். அது குளிர்ந்த சுவரிலும் ஜன்னலிலும் வழிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். குளிரென்று பார்க்காமல் கூரைத் துவாரத்தை ஒரு விரல் அளவு திறந்து வைப்பது இதற்காகத்தான்.

ஐரோப்பாவில் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு தரநிலை உதவும். ஈ.என். 1646இன்படி மூன்றாம் தரம் பெற்ற மோட்டார் ஹோம், வெளியே மைனஸ் 15 இருக்கும்போது நான்கு மணி நேரத்தில் உள்ளே 20 டிகிரிக்கு ஏற வேண்டும். தண்ணீரும் ஓட வேண்டும். அங்கே பரவலாக உள்ள ட்ரூமா ஹீட்டர்களில், 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் தானே திறந்து சுடுநீர்த் தொட்டியை வடித்துவிடும் வால்வு உண்டு. அது காப்பது அந்தத் தொட்டியை மட்டும்தான். பம்பும் திருகுகளும் உங்கள் பொறுப்பு.

தெற்கே போகிறவர்கள்

ஜனவரியில் ஒன்டாரியோவிலிருந்து புளோரிடாவுக்குப் புறப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒன்றே இருக்கிறது: புறப்படும்போது தண்ணீரை நிரப்பாதீர்கள். ஓடும் வண்டியின் அடியில் அடிக்கும் காற்று வெப்பத்தைப் பறித்துக்கொண்டே இருக்கும். ஃபர்னஸ் ஈடுகொடுக்கத் திணறும். மிஷிகன், ஒஹாயோ, கென்டக்கி தாண்டும்வரை குழாய்களில் இளஞ்சிவப்புத் திரவமே இருக்கட்டும். குடிக்கப் பாட்டில் தண்ணீர், கழிப்பறைக்கு ஒரு குடுவை ஆன்டிஃப்ரீஸ், தங்க ஒரு மோட்டல் அல்லது வண்டிக்குள்ளேயே ஃபர்னஸ் போட்டு ஓர் இரவு. இரவும் சுழியத்துக்கு மேலேயே நிற்கும் ஊரை எட்டிய பிறகு கழுவி நிரப்பினால் போதும். திரும்பி வரும்போது மார்ச்சிலும் ஒன்டாரியோ உறையும் என்பதை நினைவில் வைத்து, தெற்கிலேயே மறுபடி திரவத்தை ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாக் கவனத்துக்கும் பிறகு ஒரு காலை திருகைத் திறந்து தண்ணீர் வரவில்லை என்றால், முதலில் பம்பை நிறுத்துங்கள். திருகைத் திறந்தபடியே விட்டு, அலமாரிகளைத் திறந்து, அறையின் வெப்பத்தை ஏற்றுங்கள். எந்த இடம் என்று தெரிந்தால் முடி உலர்த்தும் கருவியால் திருகுப் பக்கத்திலிருந்து உள்நோக்கிச் சூடு காட்டலாம். நெருப்பு வேண்டாம், பிளாஸ்டிக்கும் மரமும் கேஸ் குழாயும் அடுத்தடுத்து இருக்கும் இடம் அது. உருகியதும் பம்பைப் போட்டு, டார்ச் பிடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அது தெரியவருவது உறைந்திருக்கும்போது அல்ல, உருகிய பிறகுதான்.

வசந்தத்தில் திறக்கும்போது நல்ல தண்ணீரை ஓடவிட்டு நிறமும் நுரையும் போகும்வரை கழுவ வேண்டும். பிறகு சுடுநீர்த் தொட்டியின் அடைப்பை மாட்டி, பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி என்ற கணக்கில் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் கலந்து தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு திருகிலும் அதன் வாடை வரும்வரை விட்டு, ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு மறுநாள் நன்றாகக் கழுவிவிடுங்கள். சுடுநீர்த் திருகில் தண்ணீர் தடையின்றி ஓடுவதைக் கண்ட பிறகே ஹீட்டர் சுவிட்சின்மேல் ஒட்டிய சீட்டைக் கிழிக்கலாம். கடைசியாக, எல்லாத் திருகுகளையும் மூடிப் பம்பைப் போட்டு அரைமணி நேரம் வண்டிக்குள் சத்தமில்லாமல் உட்காருங்கள். பம்பு அழுத்தம் ஏறியதும் நின்று, அப்படியே மௌனமாக இருக்க வேண்டும். யாரும் தண்ணீரைத் தொடாமல் அது மறுபடி உறுமினால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு முதல் பயணத்துக்கு நாள் பாருங்கள்.